கடல் கடந்த ஆசிரியரும் கணக்கில் வராத வீட்டாரும்

சாட்டியில் சிந்தாத்திரை மாதாவுக்கு ஒரு கோயில் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களும் கடல் தாண்டிப் போனவர்களின் வீட்டாரும் அங்கே வேண்டிக்கொள்வது வேலணைத் தீவுக்குப் பழகிய காரியம். தீவகத்தில் பயணம் என்றால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிவது என்று பொருள். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய காலத்தில் மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் பிள்ளைகள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனபோது தாய் தகப்பன் ஊரில் இருந்தார்கள். போனவர்களின் பெயர் கோயில் திருப்பணிப் பலகையிலும் பாடசாலைக் கட்டடத்திலும் இருக்கிறது. அவர்களைப் போகவிட்டு வீட்டைத் தாங்கியவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்து மிசன் கல்வியின் வரலாற்றையும் இதே கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வட்டுக்கோட்டை செமினரி என்றதும் டானியல் பூர், ஹொய்சிங்டன் என்று அதிபர்களின் பெயர்கள் வரும். அவர்களுடைய அறிவும் உழைப்பும் மறுக்கப்படக் கூடியவை அல்ல. ஆனால் அந்தக் கல்விக்கூடங்களைத் தாங்கியவை குடும்பங்கள். மனைவியரின் சம்பளமில்லா வேலை, பிள்ளைகளின் பிரிவு, குழந்தைகளின் மரணம், உள்ளூர்த் தமிழ் வீடுகளில் விழுந்த விரிசல் எல்லாம் சேர்ந்ததே அந்த வரலாறு. அதை அதிபர்களின் வரலாறாக மட்டும் எழுதுவது பாதியை எழுதுவதுதான். இன்று தமிழர்களே கடல் கடந்து இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கப் போகிறார்கள். அவர்களை அனுப்புகிறவர்களும் அழைக்கிறவர்களும் அந்த விடுபட்ட பாதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ‘டிரையட்’ என்ற கப்பல் புறப்பட்டது. ஐந்து மாதக் கடற்பயணத்துக்குப் பின் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. அதில் வந்த பூர், மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ், வாரன் ஆகியோர் அந்த ஆண்டிலேயே யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன கோயில்களும் வீடுகளும் கூரையிழந்து கிடந்தன. அவற்றைத் திருத்தி, ஒரு பகுதியில் குடும்பமும் மறு பகுதியில் பள்ளிக்கூடமுமாக வாழ்க்கை தொடங்கியது.

யாழ்ப்பாணம் என்ற தெரிவுக்குப் பின்னாலேயே ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. இங்கே வரலாம் என்று அமெரிக்க மிசன் சபைக்கு எழுதியவர் சாமுவேல் நியூவெல். 1812இல் இந்தியாவுக்கு வந்த அவரையும் மனைவி ஹரியட்டையும் கிழக்கிந்தியக் கம்பனி இருக்க விடவில்லை. மொரீசியசுக்குப் போகும் வழியில் பிறந்த குழந்தை கப்பலிலேயே இறந்தது. சில வாரங்களில் ஹரியட்டும் மொரீசியசில் இறந்தார். அவருக்கு 19 வயது. தனி ஆளாக இலங்கை வந்த நியூவெல் 1813இல் யாழ்ப்பாணத்தைக் கண்டு எழுதிய பரிந்துரையின் பேரிலேயே அடுத்த குழு புறப்பட்டது.

அமெரிக்க மிசன் சபையின் ஏடுகளில் இந்தப் பெண்களின் பதவி ‘உதவி மிசனரி’. கணவர்தான் மிசனரி. நடைமுறையில் இவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் அந்தப் பதவிப் பெயர் பொருந்தவே பொருந்தாது. விடுதிப் பிள்ளைகளுக்கு உணவு, உடை, நோய் பார்ப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. சாதிக் கட்டுப்பாட்டை மனதில் வைத்துச் சமையற்காரரை அமர்த்துவதும், பெற்றோரோடு பேசிச் சமாளிப்பதும், தையலும் எழுத்தும் சொல்லிக் கொடுப்பதும் இவர்கள் தலையில் விழுந்தன. போதாததற்கு ஆட்பற்றாக்குறை வேறு. 1820இல் அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் காரெட் வந்தபோது ஆளுநர் எட்வர்ட் பார்ன்சின் ஆட்சி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதன்பின் 1830களின் தொடக்கம் வரை புதிதாக எந்த அமெரிக்க மிசனரிக்கும் அனுமதி கிடைக்கவில்லை. பத்தாண்டுக்கு மேலாகக் கூடுதல் கை ஒன்றும் வராத நிலையில், இறந்தவரின் வேலையும் நோயாளியின் வேலையும் இருந்த குடும்பங்கள் மீதே ஏறின. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியதும், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

உடுவில் பாடசாலையைத் தொடங்கியவர் ஹரியட் வின்ஸ்லோ. கனெக்டிகட் மாநிலத்தின் நோர்விச்சில் பிறந்து, 1819இல் மைரன் வின்ஸ்லோவை மணந்து, அந்த ஆண்டிலேயே கப்பலேறியவர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் பெற்றோரை வீடு வீடாகக் கண்டு பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தார். இடையில் தன் பிள்ளைகளையும் பெற்றார். சிலரை உடுவில் மண்ணிலேயே புதைத்தார். மூத்த மகன் சார்ள்ஸ் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். போன சிறிது காலத்தில், 1832இல், நியூயோர்க்கில் இறந்துபோனான். வயது 11. கடிதம் வர நான்கைந்து மாதம் ஆகும் காலம் அது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பி அவனுக்காகச் செபித்துக்கொண்டே அந்தத் தாய் எத்தனை மாதம் கழித்திருப்பார் என்று எண்ணினால் மனம் கனக்கிறது. 1833 ஜனவரியில் ஹரியட்டும் இறந்தார், 36 வயதில்.

அவரைப் பின்பற்றி அவருடைய தங்கைமார் மூவர் மிசனரிமாரை மணந்து யாழ்ப்பாணம் வந்தார்கள். ஒரே வீட்டின் நான்கு பெண்பிள்ளைகள். அவர்களில் மூவர் 1830கள் முடிவதற்குள் மறைந்துவிட்டார்கள். நோர்விச்சில் இருந்த பெற்றோருக்கு ஒவ்வொரு செய்தியும் மாதக்கணக்கில் தாமதித்துப் போய்ச் சேர்ந்தது.

மைரன் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதியைத் தமிழ் படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். 1862இல் வெளிவந்த, 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட பெரும் படைப்பு. அதன் பின்னால் யோசப் நைட் தொடங்கிவைத்த சேகரிப்பும் தமிழ்ப் புலவர்களின் உழைப்பும் இருப்பதை ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வின்ஸ்லோ ஐந்து முறை திருமணம் செய்தவர். நான்கு மனைவியரை அடக்கம் செய்தவர். ஒருவர் போனதும் மற்றொருவர் வந்து அந்த வீட்டையும் பிள்ளைகளையும் ஏற்று நடத்தியதால்தான் அவரால் பல்லாண்டுகள் சொற்களோடு இருக்க முடிந்தது. அகராதியின் முகப்பில் அந்த மனைவியர் எவருடைய பெயரும் இல்லை.

விதவையான பெண்ணுக்கு மிசன் நிலத்தில் தனித்து நிற்க அன்று இடமில்லை. கிளாரிசா எமர்சன் என்ற பெண்ணின் வாழ்க்கை அதைச் சொல்லும். முதல் கணவரோடு பம்பாய்க்கு வந்தார். அவர் 1825இல் இறந்தார். யாழ்ப்பாணத்து மிசனரி ஹென்றி உட்வர்டை மணந்தார். அவர் 1834இல் கோயம்புத்தூரில் இறந்தார். பின்னர் மதுரை மிசனைத் தொடங்கச் சென்ற வில்லியம் டொட்டை மணந்தார். 1837இல் தானே இறந்தார். மூன்று மிசன்களின் வரலாற்றிலும் அவர் ஒருவருடைய மனைவியாகவே குறிக்கப்படுகிறார்.

பிள்ளைகளின் கதை வேறு விதமாகக் கசப்பானது. ஆயாமாரின் இடுப்பில் வளர்ந்த மிசனரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்துக்கு முந்தியே தமிழ் வாயில் வந்தது. பெற்றோருக்கு அது மகிழ்ச்சி தரவில்லை. வேலைக்காரரிடமிருந்து பிள்ளைகள் கெட்ட வார்த்தையும் விக்கிரக வழிபாட்டுப் பேச்சும் கற்றுவிடுவார்கள் என்று அஞ்சி அவர்களைத் தமிழ்ப் பிள்ளைகளோடு சேரவிடாமல் காத்த குடும்பங்கள் பல. ஊருக்கு அன்பைப் போதிக்க வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்த ஊரிடமிருந்து ஒதுக்கி வளர்த்தது பெரும் பிழை. அந்தப் பிள்ளைகளுக்கும் அது அநியாயம். 10 வயதையொட்டி அவர்களைக் கப்பலேற்றி அமெரிக்காவில் உறவினரிடமோ அறியாத குடும்பத்திடமோ ஒப்படைப்பது வழக்கமாயிற்று. மறுபடி பெற்றோரைக் காண ஆண்டுகள் ஆகலாம், காணாமலே போகலாம்.

பண்டத்தரிப்பில் மருத்துவமும் போதகமும் செய்த ஜோன் ஸ்கடரின் வீட்டைப் பாருங்கள். 1819இல் மனைவியோடும் கைக்குழந்தை மகளோடும் புறப்பட்டார். அந்த மகள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கவே இல்லை. வழியில் கல்கத்தாவில் இறந்தாள். பின்னர் பிறந்த பிள்ளைகளில் ஏழு மகன்மார் இந்தியாவில் மிசனரிகளாயினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அந்த வழியில் வந்த பேத்தி. இதை மட்டும் எடுத்துக்கொண்டு, தியாகம் பலன் தந்தது என்று சொல்லும் நூல்கள் ஏராளம். ஆனால் சிறுவயதில் பண்டத்தரிப்பை விட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் அந்த இடைப்பட்ட காலத்தைத் தாய் தகப்பன் இன்றிக் கழித்தார் என்பதும் அதே குடும்பக் கதைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை விடக்கூடாது.

இந்த வலியைப் பெற்றோர் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை. இதே அமெரிக்க மிசன் சபையின் ஹவாய்க் குடும்பங்கள், இனிப் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று 1841இல் ஹொனலூலுவில் புனஹோ பாடசாலையைத் தொடங்கின. பல தலைமுறை கழித்து பராக் ஒபாமா படித்தது அங்கேதான். இங்கிலாந்தில் 1838இல் மிசனரிகளின் மகள்மாருக்கென்றே வோல்தம்ஸ்டோவில் ஒரு பாடசாலை எழுந்தது. சில ஆண்டுகளில் மகன்மாருக்கும் ஒன்று வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் பிரிந்துபோன மதுரை மிசனின் குடும்பங்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்ப 1845இல் கொடைக்கானல் மலையில் வீடுகள் கட்டினார்கள். அந்த மலைநகரின் தொடக்கமே அதுதான். 1901இல் அங்கே மிசனரிப் பிள்ளைகளுக்கான பாடசாலையும் வந்தது. கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் பலருக்கு, குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் அச்சம் அந்த ஊரைக் கட்டியது தெரியாது.

மிசன் குடும்பத்தின் துயரம் என்றால் வெள்ளைக்காரரின் துயரம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செமினரியில் சேர்ந்த சைவப் பிள்ளை ஒருநாள் ஞானஸ்நானம் பெற விரும்புகிறேன் என்று சொன்னபோது, அந்த வீட்டில் எழுந்த ஓலத்தை எந்த மிசன் அறிக்கையும் அவர்களின் பக்கம் நின்று எழுதவில்லை. மகன் ஈமக்கடன் செய்யமாட்டான், உறவில் பெண் கொள்ளமாட்டான் என்றால் அந்தக் குடும்பத்துக்கு அது உயிரோடு இழப்பது. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் பாதிரியார் பீட்டர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். மிசனின் உள்ளும் புறமும் அறிந்தவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். அதைச் சமயப் போட்டியாக மட்டும் பார்ப்பது போதாது. எங்கள் பிள்ளைக்குக் கல்வி வேண்டும், அதற்காகப் பிள்ளையை இழக்க முடியாது என்ற வீட்டின் குரல் அதில் இருந்தது.

மறுபக்கம், மிசன் புதிய குடும்பங்களையும் உருவாக்கியது. இது தற்செயலாக நடந்ததல்ல. வட்டுக்கோட்டையில் படித்த இளைஞனுக்கு உடுவிலில் படித்த பெண் வேண்டும் என்று கணக்கிட்டே பெண்கள் விடுதி அமைந்தது. பெண் திருமணம் வரை விடுதியில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடும், கிறிஸ்தவனை மணந்தால் மிசன் சீதனம் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தன. சீதனத்தை ஒழிக்காமல் அதைக் கொண்டே தன் காரியத்தை நடத்திய மிசனை இன்று குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த தாய்மாரின் முதல் தலைமுறை அந்த விடுதியிலிருந்தே வந்தது. ஆசிரியர், உபதேசியார், போதகர், மருத்துவர் என்று நாலா பக்கமும் போன ஆண்களின் வீடுகளில் அவர்களே பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள். மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து உருவாக்கிய மருத்துவர்கள் வட மாகாணத்தின் ஊர்களுக்குப் போனபோதும் அந்த வீடுகளுக்குள் இதே உழைப்பு இருந்தது.

உடுவிலை நீண்டகாலம் தாங்கியவர்கள் இரண்டு பெண்கள். ஹரியட்டுக்குப் பின் பொறுப்பேற்ற மேரி ஸ்போல்டிங் 1820இல் கணவர் லீவையோடு யாழ்ப்பாணம் வந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து 1874இல் மறைந்தார். அவருடைய வீட்டில் வந்து சேர்ந்தவர் எலைசா அக்னியு. பெற்றோர் இருக்கும்வரை வீட்டைப் பார்த்து, 30 வயது தாண்டிய பின்பே அவர் புறப்பட்டார். 1840இல் வந்தவர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பாடசாலையை நடத்தினார். ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. 1883இல் மானிப்பாயில் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அவர் கற்பித்தார். தம்மிடம் படித்தவர்களின் மகள்மாரும் பேத்திமாரும் அவரிடமே வந்து படித்தார்கள். திருமணமாகாத பெண்ணை அனுப்பச் சபை தயங்கிய காலம் அது. அந்தப் பெண்ணே மற்ற எவரையும்விட நீண்டகாலம் அந்தப் பொறுப்பில் நின்றார்.

உடுவிலில் பிறந்த ஒரு பெண்குழந்தை வேறொரு வழியில் உலக வரலாற்றில் நுழைந்தாள். ஹரியட் வின்ஸ்லோவின் மகள், தாயின் பெயரையே கொண்டவர், ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிசனரியை மணந்து சென்னைக்கு வந்தார். அவர்களுடைய மகன் அலன் மேசி டலஸ் நியூயோர்க் மாநிலத்தின் ஒபேர்ன் இறையியல் கல்லூரியில் பேராசிரியரானார். அவருடைய மகன்மாரில் ஒருவர் ஐசனோவர் ஆட்சியில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ், இன்னொருவர் சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த அலன் டலஸ். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவின் இரு பெரும் அதிகாரிகளின் பாட்டியார் உடுவில் மண்ணில் நடை பழகியவர் என்பது யாழ்ப்பாணத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. ரூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு, ஆங்கில உயர்கல்வி மிசனின் வேலையல்ல என்று முடிவு செய்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். செமினரி மீண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கே படித்த தமிழர்கள். பணம் சேர்த்தவர்களும் அவர்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது அந்த விடாப்பிடியால்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவர்கள் என்பதை ஊர் மறக்கவில்லை.

தீவகம் இந்தக் கதையில் எங்கே வருகிறது? தமிழர்கள் தாங்களே அனுப்புகிறவர்களாக மாறிய இடத்தில் வருகிறது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் அமைத்த சுதேச சுவிசேஷ சங்கம் நெடுந்தீவு முதலான தீவுகளுக்குத் தன் செலவில் உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் அனுப்பியது. குடாநாட்டிலிருந்து நெடுந்தீவுக்குப் போவது அன்று சிறு பயணமல்ல. பருவக்காற்று எழுந்தால் வள்ளம் ஓடாது. நோய் வந்தால் மருந்தில்லை. உறவினர் கடலுக்கு அப்பால். நியமனம் ஆணுக்கு. போய் வாழ்ந்தது குடும்பம். அமெரிக்கப் பெண்களின் நாட்குறிப்பும் கடிதமும் நூலாக வந்தன. தீவுக்குப் போன தமிழ் உபதேசியாரின் மனைவி என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு தாள் இல்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணமான ஆதங்கம் இதுவே.

1900இல் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு வெளிநாட்டு மிசன் சங்கம் தொடங்கி, பாக்குநீரிணைக்கு அப்பால் இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டிக்குத் தங்கள் காசில் ஊழியர்களை அனுப்பினார்கள். 1902இல் இங்கே வந்த திருநெல்வேலி இளைஞர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, சின்னஞ்சிறு யாழ்ப்பாணத்துத் திருச்சபை கடல் தாண்டி ஆள் அனுப்புவதைக் கண்டு திகைத்தார். ஊர் திரும்பி அடுத்த ஆண்டே இந்திய மிசனரி சங்கம் உருவாகக் காரணமானார். பின்னாளில் அங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரும் அவரே. இந்திய மண்ணின் சுதேச மிசன் இயக்கத்துக்கு யாழ்ப்பாணம் கொடுத்த தூண்டுதல் இது. தொண்டிக்குப் போன குடும்பங்களைப் பற்றி இங்கே ஒரு நினைவுக் கூட்டமாவது நடத்தலாம்.

தெல்லிப்பழையில் 1908இல் பிறந்த டி.ரி. நைல்சின் வாழ்க்கையில் கடற்பயணத்தின் திசையே மாறியது. அமெரிக்க மிசனின் தொடக்ககாலத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் ஒருவரின் கொள்ளுப்பேரன் அவர். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்தார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானபோது அங்கே பிரசங்கித்தார். 1957இல் யேல் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியில் புகழ்பெற்ற பீச்சர் விரிவுரைகளை ஆற்றினார். கொள்ளுப்பாட்டனுக்கு வேதம் சொன்ன நாட்டின் போதகர்களுக்கு, எப்படிப் பிரசங்கிப்பது என்று கொள்ளுப்பேரன் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மகன் பிரேமன் நைல்ஸ் பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்து, பின்னர் இலண்டனில் உலக மிசன் மன்றத்தின் பொதுச்செயலாளரானார். யாழ்ப்பாணத்தவரான வெஸ்லி அரியராஜா ஜெனீவாவில் பணியாற்றியபின் நியூ ஜெர்சியின் ட்ரூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இலங்கைத் தமிழரான ஆர்.எஸ். சுகிர்தராஜா பேர்மிங்காமில் விவிலியம் கற்பித்தார்.

வேலணைத் தீவு தந்த மிகப் பெரிய பயணி கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். உரோமையில் குருத்துவம் படித்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் கற்பித்து, மலாயாப் பல்கலைக்கழகம் வரை போனவர். கத்தோலிக்கக் குரு என்பதால் மனைவி மக்கள் இல்லை. அதனால் குடும்பம் எதையும் இழக்கவில்லை என்று சொல்ல முடியுமா? தாயைச் சிறுவயதிலேயே இழந்த பிள்ளை. அவரைக் குருமடத்துக்கும் உலகத்துக்கும் கொடுத்துவிட்டு உறவினர் கரம்பனில் இருந்தார்கள். துறவறம் குடும்பப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்ற எண்ணம் வீட்டாரை மறந்த எண்ணம்.

இனி இன்றைக்கு வருவோம். இறையியல் பட்டம் பெற்ற தமிழர் வெளிநாட்டுக் கல்லூரிக்குக் கற்பிக்கப் போகும்போது கப்பல் மாறி விமானம் வந்திருக்கிறது. கடிதம் மாறி காணொளி அழைப்பு வந்திருக்கிறது. நியமனக் கடிதம் மட்டும் அதிகம் மாறவில்லை. அது ஒருவருடைய பெயருக்கே வருகிறது. கூடப் போகும் மனைவி இங்கே ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்திருப்பார். போன நாட்டில் அவருடைய விசா வேலைக்கு இடம் தராமல் போகலாம். கல்லூரி வளாகத்தில் விருந்தினருக்குச் சமைப்பது, மாணவர் குடும்பங்களைக் கவனிப்பது, ஞாயிறு பாடசாலை நடத்துவது என்று வேலை மட்டும் தேடி வரும். பெண் பேராசிரியராகவும் ஆண் துணையாகவும் போகும் வீடுகளிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு இருக்கிறது. பிள்ளைகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொழியும் பாடத்திட்டமும் மாறி, ஊர் திரும்பும்போது சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழில் எழுத முடியாமல் திணறுவார்கள். ‘ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளை’ என்ற பெயருக்காக அவர்கள் வாய் திறக்காமல் இருப்பது அதைவிடக் கொடியது.

இது வெளிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பிலிமத்தலாவைக்கோ, வன்னிக்கோ, மலையகத்துக்கோ, நெடுந்தீவுக்கோ ஒரு போதகரை மாற்றும் சபைக் கூட்டத்தில் அவருடைய மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கப்படுகிறதா? பிள்ளைக்கு அங்கே உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா? தியாகம் என்ற சொல்லை மேடையில் தாராளமாகப் பயன்படுத்தும் சபைகள் அதைச் செய்யப்போகிறவரிடம் சம்மதம் கேட்பதில்லை.

வில்லியம் கேரியின் கதையை இறையியல் மாணவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். செராம்பூரில் 1818இல் கல்லூரி நிறுவியவர், பல மொழிகளில் வேதாகமம் தந்தவர். அவருடைய மனைவி டொரத்தி முதலில் வரமாட்டேன் என்றவர். கடைசி நேரத்தில் தங்கையும் கூட வருவதாகச் சொன்னதால் கப்பலேறினார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தபின் மனநோய்க்கு ஆளாகி 1807இல் மறையும்வரை மீளவில்லை. நீண்டகாலம் வாழ்க்கை வரலாறுகள் அவரைக் கணவரின் பாதையில் கிடந்த தடையாகவே எழுதின. விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயைத் தடை என்று எழுதிய கை எத்தனை கடுமையானது! மிசன் பாடத்திட்டத்தில் டொரத்தியின் வாழ்க்கைக்கு ஒரு முழுப் பாடம் ஒதுக்கப்பட வேண்டும். சபைகளின் நியமனக் கடிதம் இரண்டு பேரின் ஒப்பத்தோடு வெளிவர வேண்டும். துணையின் வேலைக்கு ஊதியமும் பிள்ளையின் தமிழ்ப் படிப்புக்கு ஏற்பாடும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை துணைக்கு உண்டு என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

வட்டுக்கோட்டைக்கும் உடுவிலுக்கும் அண்மையில் 200 ஆண்டுகள் நிறைந்தன. விழாக்கள் முடிந்துவிட்டன. செய்ய வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. அமெரிக்க மிசன் சபையின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1981இல் பொது நூலகத்தைத் தீயில் இழந்த யாழ்ப்பாணத்துக்கு அவற்றின் படிகளைக் கேட்டுப் பெறும் உரிமை எல்லாரையும்விட அதிகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து, பெண்கள் எழுதிய கடிதங்களை முதலில் எடுத்துத் தமிழாக்கலாம். அதோடு தீவகத்துக்கும் தொண்டிக்கும் போன தமிழ் ஊழியர்களின் வழிவந்தோர் வேலணையிலும் நெடுந்தீவிலும் ரொறன்ரோவிலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டு அலுமாரிகளில் உள்ள குடும்ப வேதாகமங்களின் முதல் பக்கங்களில் பிறப்பும் இறப்பும் திருமணமும் கையெழுத்தில் குறித்திருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து, ஆச்சிமார் சொல்வதைப் பதிவு செய்து, பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அந்த ஆச்சிமார் இருக்கும்போதே இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும்.